கேஸ்கட் மாற்றப் போய்க் கெட்ட எஞ்சின்: ரிப்பேர் செய்வதா, வேறு எஞ்சின் வைப்பதா?

கேட்டவர் விவரமாகவே எழுதியிருந்தார், சுருக்கிச் சொல்கிறேன். வண்டி 2014 மாடல் டிசையர் டீசல், ஓடியது 1,38,000 கி.மீ. சேலம் போகிற வழியில் சிவப்பு டெம்பரேச்சர் விளக்கு எரிந்திருக்கிறது. ஓரம் கட்ட இடம் பார்த்துப் பார்த்து இரண்டு கி.மீ. ஓட்டிவிட்டார். ஊரில் ஒரு மெக்கானிக் ஹெட்டை (எஞ்சினின் மேல்பாகம்) கழற்றி, அதற்கும் பிளாக்குக்கும் (சிலிண்டர்கள் இருக்கிற கீழ்ப்பாகம்) நடுவில் கசிவைத் தடுக்கிற தகடான கேஸ்கட்டை மாற்றிக் கொடுத்து 32,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு 900 கி.மீ. ஓடுவதற்குள் காலையில் வெள்ளைப் புகை, கூலன்ட் டப்பா வாரம் ஒருமுறை காலி, ஆயில் கேஜ் கம்பியில் பால் டீ நிறம், இப்போது ஐடிலில் டக் டக் என்று ஒரு சத்தம். அதே மெக்கானிக், “பிளாக் போச்சு, என்கிட்ட பழைய எஞ்சின் ஒண்ணு இருக்கு, 90,000-க்கு மாத்திடலாம்” என்கிறார். இன்னொருவர் முழு எஞ்சின் வேலைக்கு 1,20,000 கேட்கிறார். வண்டி நல்ல நிலையில் இருந்தால் 3,25,000-க்குப் போகும், இப்படியே கொடுத்தால் 1,10,000-க்குக் கேட்கிறார்கள். என்ன செய்வது என்பது கேள்வி.

தம்பி, நான் கோவையில் 26 வருடமாக எஞ்சின் லேத் வேலை செய்கிறேன். ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் முகத்தைச் சமமாகச் சீவுவது), போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டைத் தேய்த்துச் சரி செய்வது) இதுதான் பிழைப்பு. மெக்கானிக்குகள் கழற்றிக் கொண்டுவருவதை அளந்து சொல்வது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ரிப்பேரா, வேறு எஞ்சினா என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. உங்கள் எஞ்சினை இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை. “பிளாக் போச்சு” என்றால் எங்கே போச்சு? எத்தனை மில்லிமீட்டர் தேய்மானம்? எந்த சிலிண்டர்? இதற்குப் பதில் இல்லாமல் 90,000 கொடுக்க வேண்டாம். அதுவும் முதல் வேலையைக் கெடுத்தவரிடமே, அவரே வைத்திருக்கிற எஞ்சினுக்கு.

முதலில் ஒன்று, இனிமேல் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ‘சத்தம் எப்படி இருக்குன்னு ஒரு தடவை கேட்கலாம்’ என்று கூட வேண்டாம். தண்ணீர் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு கிடையாது. கிராங்க்குக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் தலைமுடியை விட மெல்லிய ஆயில் படலம்தான் இருக்கிறது. அது உடைந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். இன்று பேரிங் செட்டோடு முடிகிற செலவு, இன்னும் 20 கி.மீ. ஓட்டினால் கிராங்க் வரைக்கும் போய்விடும். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

சரி, கெட்டது எது? கேஸ்கட் வேலை தப்பாகிப்போனால் கெடுகிற இடங்கள் எனக்குத் தெரிந்து நாலைந்துதான், திரும்பத் திரும்ப அவைதான் வரும். உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட்டிடம் வாங்கிய 1.3 மல்டிஜெட், 1,248 சிசி. 2007-ல் ஸ்விஃப்ட்டில் வந்தது, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி நிறுத்தியது. இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லீனியா என்று பல வண்டிகளில் இதே எஞ்சின்தான், அதனால் பார்ட்ஸுக்கும் பழகிய கைகளுக்கும் பஞ்சமில்லை. நல்ல எஞ்சின். ஆனால் ஹெட் கழற்ற வேண்டுமென்றால், கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டையும் இணைக்கிற டைமிங் செயினையும் கழற்றியே ஆக வேண்டும். திருப்பிப் போடும்போது கிராங்க்கையும் கேமையும் அதற்கென்று இருக்கிற பின்களைப் போட்டு லாக் செய்துவிட்டுத்தான் செயினை மாட்ட வேண்டும். அந்தப் பின் இல்லாதவர்கள் பெயின்ட்டிலோ ஒயிட்னரிலோ புள்ளி வைத்துக்கொண்டு கண்ணளவில் மாட்டுவார்கள். ஒரு பல் தவறினால் பிஸ்டன் வால்வில் முட்டும். இந்த எஞ்சினில் அப்படி முட்டும்போது பெரும்பாலும் வால்வை அழுத்துகிற ராக்கர்தான் முதலில் உடையும், வால்வு தப்பித்துக்கொள்ளும். உங்கள் டக் டக் சத்தம் அதுவாக இருந்தால் அது பெரிய நஷ்டமே இல்லை.

அடுத்தது ஹெட் போல்ட். இந்த போல்ட்டுகளை முதலில் ஒரு குறிப்பிட்ட டார்க்குக்கும் (முறுக்கு விசை அளவு), பிறகு இத்தனை டிகிரி என்று கோணக் கணக்கிலும் முடுக்க வேண்டும். அப்படி முடுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீளும், நீண்ட நிலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை நீண்ட போல்ட்டைத் திரும்பப் போட்டால் பழைய பிடிப்பு வராது. புது செட் வாங்கச் சொன்னால் ‘பழசே நல்லாத்தான் இருக்கு’ என்று மிச்சம் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னொரு தப்பு யார் கண்ணிலும் படாது. போல்ட் இறங்குகிற ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி நின்றால், போல்ட் முடுக்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக வழி இருக்காது. டார்க் ரெஞ்ச் க்ளிக் என்று சொல்லிவிடும், ஹெட் உட்கார்ந்திருக்காது. சில நேரம் பிளாக்கே அந்த இடத்தில் விரிசல் விடும்.

நாலு வருடம் முன்னால் ஒரு விஸ்டா வந்தது. “எஞ்சின் முடிஞ்சது, வேற பாருங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹெட் போல்ட்டைக் கழற்றி ஓட்டைக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டால், பத்தில் மூன்று ஓட்டையில் கறுப்பு ஆயில் வந்தது. ஹெட்டின் கோணல் 0.03 மி.மீ. தான், அளவுக்குள்ளேயே இருந்தது. ஓட்டைகளைக் காற்றடித்துக் காய வைத்து, புது போல்ட், புது கேஸ்கட் போட்டு மூட்டி அனுப்பினோம். வண்டி இன்றைக்கும் பொள்ளாச்சிப் பக்கம் ஓடுகிறது. அந்த வண்டிக்காரர் பழைய எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் என் பட்டறைக்கு வந்தார்.

எதிர்ப் பக்கமும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். பழைய கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டச் சோம்பல்பட்டு, ஏர் கிரைண்டரில் எமரி வட்டைப் போட்டு பிளாக் முகத்தைத் தேய்ப்பார்கள். முகம் பளபளவென்று வந்துவிடும். அந்த எமரித் தூள் சிலிண்டர் ஓரத்திலும் ஆயில் ஓட்டைகளிலும் இறங்கி, எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ஆயிலோடு சேர்ந்து ஒவ்வொரு பேரிங்குக்கும் போகும். அப்படி ஒரு வண்டிக்கு பேரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று நானே சொன்னேன். ஆயில் பாதைகளைச் சரியாகக் கழுவியாயிற்றா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. நாலாயிரம் கி.மீ. ஓடுவதற்குள் புது பேரிங்கும் போய், கிராங்க்கில் விரலால் தடவினால் தெரிகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. அந்த வண்டிக்காரருக்கு இரண்டு முறை செலவு. அதிலிருந்து, எமரி போட்ட அடையாளம் தெரிந்தால் பிளாக்கை முழுக்க அக்கு அக்காகப் பிரித்து, ஆயில் பாதைகளை அடைத்திருக்கிற பிளக்குகளைக் கழற்றி, பாதை பாதையாகக் கழுவாமல் நான் எதையும் மூட்டச் சொல்வதில்லை.

சிலிகான் பேஸ்ட்டும் இதே வகைதான். எஞ்சினின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்பை ஒட்ட நூல் மாதிரி வைத்தால் போதும். பற்பசை மாதிரிப் பிதுக்கினால் உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து, ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னர் வடிகட்டியில் போய் அடைக்கும். ஆயில் நிறைய இருக்கும், பிரஷர் இருக்காது.

இனி சோதனைகளுக்கு வருகிறேன். கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. டீசலில் ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜை மாட்டுவார்கள். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினில் பொதுவாக 25 முதல் 30 பார் வரை காட்டும். மொத்த அளவைவிட நான்கு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் குறைவாக இருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் ஊதியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு இதைச் செய்யச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றிவிட்டு, ஸ்டார்ட்டரில் சில வினாடி சுற்றினால் போதும்.

இதைவிடத் தெளிவாகப் பேசுகிற சோதனை லீக் டவுன். ஒரு சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடிய நிலையில் கிராங்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஹீட்டர் பிளக் ஓட்டை வழியாக கம்ப்ரசர் காற்றை உள்ளே விடுவார்கள். அப்புறம் காதுக்குத்தான் வேலை. ஆயில் ஊற்றுகிற வாயில் காதை வைத்தால் ‘புஸ்’ என்று பலமாகக் கேட்கிறதா, பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் குழாயில் கேட்டால் இன்லெட் வால்வு. கூலன்ட் டப்பாவில் குமிழி குமிழியாகக் கிளம்பினால் கேஸ்கட், அல்லது ஹெட்டில் விரிசல். காற்று எந்தப் பக்கம் வெளியே வருகிறதோ அங்கேதான் உங்கள் பணமும் போக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யத் தெரியாத, அல்லது ‘அதெல்லாம் தேவையில்லை’ என்கிற பட்டறையில் எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

கையோடு ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற காகித மடிப்பை அகல விரித்து வெயிலில் பிடித்தால் மினுமினுப்பு தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: ரிங், செயின், கிராங்க் இந்த வகை. ஒட்டாத வெள்ளி நிறத் துகள் என்றால் பேரிங் அல்லது பிஸ்டன். சும்மா கலங்கிய ஆயில் மட்டும் இருந்து மினுமினுப்பே இல்லையென்றால், உங்களுக்கு நல்ல காலம்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டரோடு சேர்ந்து ஒரு ஆயில் கூலர் இருக்கிறது, அதற்குள் ஆயிலும் கூலன்ட்டும் ஒரு மெல்லிய தகட்டின் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. அது ஓட்டையானாலும் பால் டீ வரும். எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர்தான் அதிகம் என்பதால், கூலர் கெட்டால் பெரும்பாலும் கூலன்ட் டப்பாவில்தான் முதலில் ஆயில் மிதக்கும். உங்கள் டப்பாவில் ஆயில் மிதந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். கூலர் மட்டும்தான் குற்றவாளி என்று தெரிந்து, ஹெட்டைத் தொடாமலே முடிந்த வண்டிகளும் உண்டு. உங்களுக்கு வெள்ளைப் புகையும் இருப்பதால் கூலர் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது அந்தச் சத்தம். மேலே இருந்து வருகிற டிக் டிக் என்றால் ராக்கர், வால்வு பக்கம். அடியிலிருந்து கனமாக, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அதிகமாகிற டொக் டொக் என்றால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங். டீசலைப் பீய்ச்சுகிற நாசில் அடிக்கிற சத்தமும் இதே மாதிரி ஏமாற்றும். எழுத்தில் படித்து நான் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் வேண்டியதில்லை. சம்பைக் கழற்றி, ராடு கேப் ஒன்றை மட்டும் இறக்கிப் பார்த்தால் போதும். பேரிங் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக, மங்கலாக இருந்தால் நல்லது. செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. அப்புறம் கிராங்க்கின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால், மைக்ரோமீட்டரில் அளந்து உறுதி செய்துகொண்டு புது பேரிங்கோடு நிறுத்தலாம். நகம் மாட்டினால் கிராங்க்கைக் கிரைண்டிங்குக்கோ மாற்றுவதற்கோ தயாராகுங்கள். உங்கள் முடிவில் பாதி இந்த நகத்தில்தான் இருக்கிறது.

ஹெட்டை இறக்கியதும் அது நேராக லேத்துக்கு வர வேண்டும். ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேரான அளவுகோல்) நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (அளவிட்ட மெல்லிய தகடு) விட்டுப் பார்ப்போம். பொதுவாக 0.05 மி.மீ.க்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் போனால் ஃபேசிங் போடலாமா என்பது கம்பெனி மேனுவலைப் பொறுத்தது. டீசல் ஹெட்டில் இஷ்டத்துக்குச் சீவினால் வால்வு கீழே இறங்கிப் பிஸ்டனைத் தொடும். அதோடு பிரஷர் டெஸ்ட் கட்டாயம். தண்ணீர்ப் பாதைகளை அடைத்து, ஹெட்டை வெந்நீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்தால் விரிசல் இருக்கிற இடத்தில் குமிழி வரும். குளிர்ந்த ஹெட்டில் காட்டாத விரிசல் சூட்டில் காட்டும், அதனால்தான் வெந்நீர். உங்கள் மெக்கானிக் முதல் தடவை இதைச் செய்தாரா என்று பில்லைப் பாருங்கள். ஹெட் டெஸ்டிங், ஃபேசிங் என்று ஒரு வரிகூட இல்லையென்றால், சூடேறிய ஹெட்டை அப்படியே துடைத்து மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு முடிவு கடினமாக இருக்காது. கெட்டது ஹெட் பக்கம் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர். ஹெட்டோடு பேரிங்கும் போய், கிராங்க் தப்பித்திருந்தால் அப்போதும் ரிப்பேர்தான். கிராங்க்கும் போய், போரிலும் ஆழமான கீறலோ அளவுக்கு மீறிய தேய்மானமோ இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அந்த நிலையில் போரிங் போட ஓவர்சைஸ் பிஸ்டன் (பெரிதாக்கிய துளைக்கு ஏற்ற பெரிய பிஸ்டன்) கிடைக்குமா என்பதை பார்ட்ஸ் கடையில் கேட்டு, கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் பிளாக்கை போரிங் மிஷினில் ஏற்ற வேண்டும். பிளாக்கிலேயே விரிசல், அல்லது ராடு உடைந்து பக்கவாட்டில் ஓட்டை என்றால் வேறு எஞ்சின்தான். நீங்கள் சொல்கிற அறிகுறிகளை வைத்து என் கணிப்பு இரண்டாவது நிலை: ஹெட்டும் பேரிங்கும். 900 கி.மீ.யில் கிராங்க் முழுசாகப் போயிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பணக் கணக்கில் ஏற்கனவே கொடுத்த 32,000-ஐ சேர்க்காதீர்கள். ‘இவ்வளவு போட்டாச்சு’ என்ற எண்ணம்தான் பலரைத் தப்பான எஞ்சின் வாங்க வைக்கிறது. ஓடாத வண்டி 1,10,000, ஓடுகிற வண்டி 3,25,000 என்றால் நடுவில் இருப்பது 2,15,000. ரிப்பேர் 1,20,000-க்கு உள்ளேயே முடிந்தால், விற்கிறவருக்கும் லாபம், வைத்து ஓட்டுகிறவருக்கும் லாபம். 2014 வண்டியின் பதிவு 15 வருடக் கணக்கில் 2029 வரை இருக்கிறது. அதுவரை நீங்களே ஓட்டுவதாக இருந்தால், உங்கள் கண் முன்னால் அளந்து மூட்டிய எஞ்சின்தான் நிம்மதி.

பழைய எஞ்சின்தான் என்று முடிவானால், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். பின்னால் இடி வாங்கிய விபத்து வண்டியின் எஞ்சின் என்றால் நல்லது. சென்னை 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீரை இழுத்த எஞ்சினில் ராடு லேசாக வளைந்திருக்கும், ஓடும், கொஞ்ச நாளில் உடையும். பிளாக்கின் மூலைகளிலும் போல்ட் பள்ளங்களிலும் காய்ந்த சேறு இருக்கிறதா, வயர் கனெக்டருக்குள் பச்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டையில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, கம்ப்ரஷன் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த 1.3-லேயே 75 குதிரைசக்தி, 90 குதிரைசக்தி என்று இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் டர்போ வேறு வேறு. உங்களுடையது 75. எர்டிகாவிலோ சியாஸிலோ இருந்து கழற்றியதை ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று தலையில் கட்டிவிடுவார்கள், கவனம்.

அப்புறம் ஆர்.சி. எஞ்சின் நம்பர் பிளாக்கில் அடித்திருக்கிறது. அதனால் உங்கள் பிளாக்கிலேயே ஹெட், கிராங்க், பிஸ்டன் என்று எதை மாற்றினாலும் நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. பக்கம் போக வேண்டியதில்லை. வேறு எஞ்சின் வைத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். எஞ்சினுக்குப் பில்லும், அது கழற்றப்பட்ட வண்டியின் விவரமும் இல்லாமல் இது நடக்காது. உங்கள் மெக்கானிக்கிடம் “பில் தருவீர்களா, எந்த வண்டியின் எஞ்சின்?” என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். நம்பர் மாறிய எஞ்சினோடு ஓட்டி, ஒரு விபத்து நடந்து க்ளெய்ம் போடும்போதுதான் பலருக்கு இது புரிகிறது.

பணத்தைத் திரும்பக் கேட்கும் எண்ணம் இருந்தால், ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். பழைய பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பத்திரம். கழற்றும் நாளை முதல் மெக்கானிக்குக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள், கழற்றிய போல்ட்டையும் கேஸ்கட்டையும் பழைய இரும்பில் போட விடாதீர்கள். லேத்தில் எடுத்த அளவுகளை எழுதி, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு, இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். உங்களுடையது போன்ற சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் 1915 உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல இடங்களில் அளவுத் தாளைக் காட்டிப் பெரியவர்களை வைத்துப் பேசினாலே பாதிப் பணம் வந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது, நீங்களும் கேட்கவில்லை, உங்கள் மெக்கானிக்கும் கேட்டதாகத் தெரியவில்லை: அன்றைக்கு சேலம் ரோட்டில் எஞ்சின் ஏன் சூடானது? கேஸ்கட் போனது அதன் விளைவு. ஃபேன் ஓடவில்லையா, வாட்டர் பம்ப்பா, தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, ரேடியேட்டர் அடைப்பா? நம் பக்கம் போர்வெல் தண்ணீரை கூலன்ட்டுக்குப் பதிலாக ஊற்றி ஊற்றி, ரேடியேட்டர் குழாய்க்குள் குடத்தில் படிகிற உப்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருப்பதை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். அதைச் சரி செய்யாமல் புது எஞ்சினே வைத்தாலும் அடுத்த கோடையில் இதே கதைதான். ரேடியேட்டரைக் கழற்றிச் சோதித்து, தெர்மோஸ்டாட்டையும் பம்ப்பையும் மாற்றி, கம்பெனி கூலன்ட்டை காற்றுப் பிடிப்பு இல்லாமல் நிரப்புவதை ரிப்பேர் எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கம்ப்ரஷன், லீக் டவுன் முடிந்ததும் நான்கு சிலிண்டரின் அளவையும், கூலன்ட் டப்பாவில் ஆயில் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். ஹெட் இறங்கியதும் கேஸ்கட்டின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கிறது என்று அதன் கறையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.